நெய்ச்சோற்றை மறந்தவர்கள்

எங்கள் தெருவில் மரியாதைக்கு ஓர் அளவு இருந்தது. கடை எவ்வளவு அகலமோ ஸலாமும் அவ்வளவு நீளம். இரண்டு வாசல் கடைக்காரருக்கு எழுந்து நின்று சொல்வார்கள். ஒரு வாசல் கடைக்காரருக்கு உட்கார்ந்தபடியே சொல்வார்கள். கடைகளுக்கு முன்னால் ஓடும் அஞ்சடி நடைபாதையில் பெட்டியை வைத்துப் பொத்தானும் நூலும் விற்றவருக்குத் தலையை லேசாக ஆட்டினாலே பெரிய தர்மம் செய்ததாக நினைத்துக்கொள்வார்கள். இந்த அளவு எல்லோருக்கும் தெரியும். யாரும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. வாய்விட்டுச் சொன்னதெல்லாம் வேறு: "நாமெல்லாம் ஒரே குடும்பம்."

நான் அந்தத் தெருவில்தான் பிறந்தேன். பெரிய பள்ளிவாசலிலிருந்து கடலைப் பார்த்து நடந்தால் இடது கைப் பக்கம் எங்கள் ஜவுளிக்கடை. கீழே கடை, மேல்மாடியில் வீடு. அத்தா இராமநாதபுரம் கடற்கரையிலிருந்து மீசை அரும்பாத வயதில் கப்பலேறி வந்தவர். ஊரில் அவருக்கு ஒரு மனைவியும் ஒரு மகனும் உண்டு. பினாங்கில் என் அம்மாவும் நானும். அப்படித்தான் அந்தத் தெருவில் முக்கால்வாசிப் பேர் வாழ்ந்தார்கள். அங்கே ஒரு குடும்பம், இங்கே ஒரு குடும்பம், நடுவில் வசதியாக ஒரு கடல்.

அத்தாவை நல்லவர் என்பார்கள். நல்லவர்தான். யாரிடமும் குரலை உயர்த்த மாட்டார். யாருக்கும் எதையும் விளக்கவும் மாட்டார். ஊரிலிருந்த அந்தப் பெண்ணிடம் எங்களைப் பற்றி என்ன சொன்னார், சொன்னாரா இல்லையா என்பது எங்களுக்குக் கடைசிவரை தெரியாது. வாயைத் திறக்காமல் இருப்பதை நல்ல குணம் என்று எண்ணுகிற ஊரில் நல்ல பெயர் எடுப்பது பெரிய காரியமில்லை.

அம்மா பினாங்கிலேயே பிறந்தவள். அவளுடைய அப்பா தமிழர், தொங்கான் என்னும் சரக்குப் படகில் மூட்டை ஏற்றி இறக்கியவர். அவளுடைய அம்மா மலாய்க்காரி. அம்மா ஒரு வாக்கியத்தைத் தமிழில் தொடங்கி மலாயில் முடிப்பாள். ஊரிலிருந்து வந்தவர்கள் முதுகுக்குப் பின்னால் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். சிரித்த வாயால்தான் அவள் சமைத்ததைத் தின்றார்கள். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் நாலைந்து கடைக்காரர்கள் எங்கள் மேல்மாடிக்கு வந்துவிடுவார்கள். பாய் விரித்து அம்மா சாப்பாடு போடுவாள். அவர்களில் முதலில் வந்து கடைசியில் எழுந்திருப்பவர் அத்தர்க்கடை மாமா.

அவருக்கு அத்தரும் தொப்பியும் விற்கிற கடை. பள்ளிவாசல் ஜமாஅத்திலும் அவர்தான் பெரிய ஆள். கல்யாணம், மௌத்து விழுந்த வீடு, கடைச் சண்டை எதுவானாலும் அவர் வந்து நடுவில் உட்கார்ந்தால்தான் பேச்சு தொடங்கும். வழியில் எதிர்ப்படும் பெரிய மனிதர்களின் புறங்கையில் ஒரு சொட்டு அத்தரைத் தொட்டுத் தடவுவார். இரண்டு வாசலுக்குக் குறைந்த யாருக்கும் அவர் தடவி நான் பார்த்ததில்லை.

"ஊர்விட்டு ஊர் வந்தவனுக்கு ஊர்க்காரன்தான்லா சொந்தம்" என்பார், அம்மாவின் மீன் குழம்பில் விரலை நனைத்தபடி. "இந்தத் தெரு எப்படி வந்துச்சு? நாம ஒருத்தன் கைய ஒருத்தன் புடிச்சு வந்தோம், அதனால வந்துச்சு."

அம்மா அவருக்கு இன்னொரு கரண்டி சோறு வைப்பாள். அவளை அவர் தங்கச்சி என்று கூப்பிடுவார்.

ஆனால் எங்கள் கடைக்கு ஆள் வந்தது யாருடைய கையைப் பிடித்து என்று எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். அக்கரையில் கெப்பாலா பத்தாஸ் பக்கத்து வயல்காட்டு மலாய்ப் பெண்கள், அறுவடை முடிந்ததும், நோன்புப் பெருநாளுக்கு முன்னும், வீட்டில் கல்யாணம் வந்தாலும் படகேறிக் கூட்டமாக வருவார்கள். விடியற்காலையில் புறப்பட்டவர்கள், கடல்காற்றில் காய்ந்த முகத்தோடு, இடுப்பில் பிள்ளைகளோடு வந்து நிற்பார்கள். மற்ற கடைகளில் அவர்கள் அஞ்சடியில் நின்றுதான் துணி பார்க்க வேண்டும். அம்மா அவர்களை மேலே கூப்பிடுவாள். கைகால் கழுவத் தண்ணீர், தொழ ஒரு பாய், பிள்ளையைத் தூங்கவைக்க ஒரு மூலை, குடிக்கக் காப்பி. அவர்கள் அங்கேயே உட்கார்ந்து யார் வீட்டில் பெண் எடுத்தார்கள், யாருடைய எருமை கன்று போட்டது என்று பேசுவார்கள். கீழே இறங்கும்போது துணியை வாங்காமல் போனவர் யாரும் இல்லை. வேறு கடையில் விலை கேட்டவரும் இல்லை. அத்தா கல்லாவில் உட்கார்ந்து, தன்னுடைய கைராசி என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

கட்டடத்துக்குச் சொந்தக்காரி ஒரு சீன விதவை. எல்லோரும் அவளை நோன்யா என்போம். எங்கள் வரிசையில் மூன்று வீடுகள் அவளுடையவை. மாதாமாதம் வாடகைக்கு ஆள் அனுப்பாமல் தானே ரிக்‌ஷாவில் வருவாள், எங்கள் வீட்டுக்கு மட்டும். அம்மாவும் அவளும் எதிரெதிரே உட்கார்ந்து வெற்றிலை போட்டு மலாயில் வம்பு பேசுவார்கள். அவளுடைய மருமகளைப் பற்றி அந்தத் தெருவில் எங்களுக்குத்தான் அதிகம் தெரியும்.

எனக்குப் பதினாறு, பதினேழு வயதிருக்கும். ஒரு நாள் அத்தா கடையில் துணி மடித்துக்கொண்டிருந்தவர், அப்படியே அதன்மேல் சாய்ந்தார். மேலே தூக்கிவந்தார்கள். மாலை அஸர் தொழுகைக்குள் முடிந்துவிட்டது.

மய்யித்தைத் தெருவே தூக்கியது. அத்தர்க்கடை மாமா முன்னால் தோள் கொடுத்தார், உரக்க அழுதார். "கவலைப்படாத தங்கச்சி, நாங்கல்லாம் இருக்கோம்" என்று மாடிப்படிக்குக் கீழே நின்று சொன்னார். அவர் குரலில் ஈரம் இருந்தது. அதை நான் நம்பினேன் என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வாய் கசக்கிறது.

அம்மா இத்தாவில் உட்கார்ந்தாள். கணவனை இழந்தவள் மாதக்கணக்கில் வெளியே வராமல், அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல் இருக்க வேண்டிய காலம் அது. அவள் அதில் ஒரு நாள்கூடக் குறைக்கவில்லை. மார்க்கம் அவளுக்கு நிஜமான விஷயம். கீழே இருந்த பெரிய மனிதர்களுக்கு அது வசதியான விஷயம். வாசலைத் தாண்ட முடியாத ஒருத்தியை என்ன செய்யலாம் என்று கூடி முடிவெடுக்க அதைவிட நல்ல காலம் கிடைக்குமா?

ஊரிலிருந்து அத்தாவின் மூத்த மகன் கப்பலில் வந்து இறங்கினான். மாமாதான் தந்தி கொடுத்து வரவழைத்தார். இருபத்தைந்து வயது இருக்கும், ஒல்லி, என் அத்தாவின் நெற்றி. துறைமுகத்திலிருந்து நேரே மாமாவின் வீட்டுக்குப் போனான். மறுநாள் கடையில் வந்து உட்கார்ந்தான். மேலே வரவில்லை. நாங்கள் பலகைத் தரையின் இடுக்கு வழியாகக் கீழே நடப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தோம். பழைய வேலையாட்கள் அனுப்பப்பட்டார்கள். ஊரிலிருந்து வந்த பையன்கள் அமர்ந்தார்கள். அலமாரிகள் இடம் மாறின. அம்மா தரையில் காது வைக்கவில்லை, நான்தான் வைத்தேன். அவள் குர்ஆனை விரித்து உட்கார்ந்திருந்தாள்.

இத்தா முடிந்த வாரத்தில் மாமா வந்தார். ஜமாஅத்தில் இரண்டு பேரையும், என் அண்ணனையும் கூட்டி வந்திருந்தார். அம்மா திரைக்குப் பின்னால் உட்கார்ந்தாள். நான் அவளுக்குப் பக்கத்தில்.

"விஷயத்த நேரா சொல்லிடுறேன்" என்றார் மாமா. "கடை வாரிசுக்குப் போவுது. நீங்க ரெண்டு பேரும் வேற எடம் பாத்துக்கணும்."

"போகட்டும் அண்ணே. வாரிசுல நானும் உண்டு, எம் மவளும் உண்டு. மார்க்கம் எவ்வளவு சொல்லுதோ அது போதும்" என்றாள் அம்மா.

பிறகு மாமா தொண்டையைச் செருமினார்.

"அதுல ஒரு சிக்கல் இருக்கு. நிக்காஹ் நடந்துச்சுன்னு நீங்க சொல்றீங்க. சாட்சி வேணுமே."

எனக்கு முதலில் அவர் சொன்னது விளங்கவில்லை. அம்மாவுக்கு உடனே விளங்கியது. அவள் கை என் முழங்காலை இறுக்கியது.

"அண்ணே, சாட்சி நீங்கதான்."

"நானா? எனக்கு அப்படி ஒண்ணும் ஞாபகம் வரல."

இன்னொரு சாட்சி இறந்து பல வருஷம் ஆயிருந்தது. நிக்காஹ் ஓதிய லெப்பையும் இறந்துவிட்டார். அந்தக் காலத்தில் எல்லோரும் பதிவு செய்துகொள்வதில்லை. சொல்லும் சாட்சியும் போதும் என்பார்கள், நாமெல்லாம் ஒரே குடும்பம் ஆயிற்றே. வந்திருந்த மற்ற இருவரும் அந்த விருந்தில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள். ஒருவர் கூரையைப் பார்த்தார். இன்னொருவர் தன் காலைப் பார்த்தார். "நான் அப்ப சிங்கப்பூர்ல இருந்தேன்னு நெனக்கிறேன்" என்றார் கூரையைப் பார்த்தவர். நினைக்கிறாராம்! கல்யாணத்துக்கு வந்திருந்த பெண்கள் எத்தனையோ பேர் உயிரோடு இருந்தார்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை.

அம்மா அழுவாள் என்று எதிர்பார்த்தார்கள் போலிருக்கிறது. அவள், "சரி, எடத்த காலி பண்றோம்" என்றாள். அவ்வளவுதான்.

அன்றிலிருந்து அம்மா அந்தத் தெருவில் தங்கச்சி இல்லை, "அந்தப் பொம்பள." நான் என்ன ஆனேன் என்பதைச் சொல்லத் தேவையில்லை. நிக்காஹ் இல்லாத வீட்டில் பிறந்த பெண்ணுக்கு என்ன பெயரோ அந்தப் பெயர். யாரும் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. அந்தப் பெரிய மனிதர்களுக்கு அவ்வளவு துணிச்சல் கிடையாது. எனக்கு வரவிருந்த ஒரு நல்ல சம்பந்தம் சத்தமில்லாமல் நின்றுபோனது.

மாத வாடகைக்கு நோன்யா வந்தபோது நாங்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தோம். அவள் படியேறி வந்து மூச்சு வாங்கி உட்கார்ந்தாள். அம்மா வெற்றிலைத் தட்டை நகர்த்தி நடந்ததைச் சொன்னாள். நோன்யா குறுக்கே பேசாமல் கேட்டாள். வெற்றிலைச் சாற்றைத் துப்பி, வாயைத் துடைத்துவிட்டு மலாயில் சொன்னாள்:

"அந்தப் பையனை நான் வெளியே தள்ள முடியாது, வாடகை கட்டுகிறான். ஆனால் பக்கத்து வீட்டுச் சாக்குக் கடைக்காரன் போய்விட்டான். எலி கொஞ்சம் இருக்கிறது. உனக்கு வேண்டுமா?"

அம்மா, "வேணும்" என்றாள்.

அப்படித்தான் நாங்கள் பத்தடி தள்ளிப் போனோம். ஒரு சுவர்தான் நடுவில். சணல் நாற்றம் போக நானும் அம்மாவும் தரையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினோம். அம்மா அங்கே துணிக்கடை வைக்கப்போகிறாள் என்று தெரிந்ததும் தெருவின் கண்ணியம் விழித்துக்கொண்டது. ஒரு விதவையை வீதியில் தள்ளியபோது அயர்ந்து உறங்கிய கண்ணியம் அது. பொம்பளை கடையில் உட்காருவது சமுதாயத்துக்கே கேவலம் என்று பள்ளிவாசல் வாசலில் மாமா பேசினார். தெருவின் மொத்த வியாபாரிகளிடம் ஒவ்வொருவராகப் போனார். ஊர்க்காரன் எவனும் அவளுக்கு ஒரு முழம் துணி கொடுக்கக் கூடாது என்றார். யாரும் கொடுக்கவில்லை. இத்தனை ஒற்றுமையை நான் அந்தத் தெருவில் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

நோன்யாவின் தம்பி கடலோரத் தெருவில் ஜாவாவிலிருந்து பாத்தேக் சாரோங் இறக்குகிற தவ்கே, பெரிய முதலாளி. அக்காவின் வாய்ச்சொல்லுக்கு அவர் சரக்கு அனுப்பினார். அவருக்கு எங்கள் ஊர் எது, ஜமாஅத் எது, யார் யாருக்கு நிக்காஹ் ஆனது என்று எதுவும் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை.

அறுவடை முடிந்து அக்கரைப் பெண்கள் வந்தார்கள். எனக்கு அந்தக் காலை நன்றாக நினைவிருக்கிறது. பதினைந்து இருபது பேர், வழக்கம்போல நேரே பழைய கடைக்குப் போனார்கள். மேலே ஏறப் படியில் கால் வைத்த ஒரு கிழவியை ஊர்ப் பையன் ஒருவன் கையை நீட்டித் தடுத்தான். மாடிப்படி பூட்டியிருந்தது. அஞ்சடியில் நின்று பார்க்கச் சொன்னான். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. இடுப்பிலிருந்த ஒரு பிள்ளை வீறிட்டது.

"இந்த வீட்டுக்காரி எங்கே?" என்று கிழவி மலாயில் கேட்டாள்.

"வீட்டுக்காரியெல்லாம் இங்க கெடையாது. துணி வேணும்னா வாங்கு" என்றான் அவன், தமிழில். அவள் புரிந்துகொண்டாள், சந்தை மொழி யாருக்குத்தான் புரியாது.

அம்மா தன் கடையில் சாரோங்குகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டு வெளியே தலையை நீட்டி, "மாக் சிக், இங்க" என்றாள். கூவவில்லை. பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிடுகிற குரல்தான். கிழவி திரும்பினாள். அவளுடன் மொத்தக் கூட்டமும் திரும்பியது. பத்தடி நடந்தார்கள், பிள்ளைகளோடு, கூடைகளோடு. எங்கள் மாடிப்படி அவர்கள் எடையில் முனகியது.

சுவருக்கு அந்தப் பக்கம் என் அண்ணன் கல்லாவில் உட்கார்ந்து காலியான அஞ்சடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அன்றைக்கு நான் சிரித்தேன். அதற்காக நான் வருந்தவுமில்லை.

பிறகு சில வருஷங்கள் அப்படியே ஓடின. அண்ணன் கடைக்கு ஊர்க்காரர்கள் வந்தார்கள், மணிக்கணக்காக உட்கார்ந்தார்கள், தேநீர் குடித்தார்கள், ஊர்ச் செய்தி பேசினார்கள். துணி வாங்கியவர்கள் குறைவு. ஊரிலிருந்து ஒவ்வொரு கப்பலிலும் யாராவது ஒரு உறவுப் பையன் வந்து இறங்குவான். மாமா அவனைக் கூட்டி வந்து, "நம்ம ஆளு, வச்சுக்க" என்பார். அண்ணன் வைத்துக்கொள்வான். அந்தக் கடையில் துணியைவிட ஆட்கள் அதிகம் அடுக்கியிருந்தார்கள். தன் கடையில் மாமா ஒரு பையனைக்கூட வைத்துக்கொள்ளவில்லை. அவர் கையைப் பிடித்து வந்தவர்கள் எல்லோரும் அடுத்தவன் சோற்றில்தான் இருந்தார்கள்.

பிறகு ரப்பர் விலை விழுந்தது. தோட்டங்கள் ஆட்களை அனுப்பின, கப்பல்கள் நிறைந்து ஊருக்குத் திரும்பின, தெருவில் மாலைக்கு முன்னாலேயே கதவுகளை அடைத்தார்கள். அக்கரைப் பெண்கள் கையில் காசில்லாமல் வந்தார்கள். ஆனால் வந்தார்கள். நெல்லும் வாத்து முட்டையும் கொண்டுவந்தார்கள். அம்மா அவற்றை வாங்கிக்கொண்டு துணி கொடுத்தாள். முட்டைகளை உப்புப் போட்டு காவடியில் நாசி கண்டார் சோறு விற்பவர்களிடம் நான் கொண்டுபோய்க் கொடுப்பேன். என் உடம்பெல்லாம் வாத்து முட்டை வாடை அடித்த காலம் அது. கடை விழாமல் நின்றது.

அண்ணனின் கடை நிற்கவில்லை. பையன்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். உட்கார்ந்து தேநீர் குடித்தவர்கள் எதிர் அஞ்சடி வழியாக நடக்கத் தொடங்கினார்கள். மாமா அவனைப் பார்க்க வருவதையே விட்டுவிட்டார்.

அவன் ஊருக்குக் கப்பலேறுவதற்கு முன்தினம் எங்கள் கடை வாசலில் வந்து நின்றான். அத்தனை வருஷத்தில் அதுதான் முதல் முறை. அம்மா உள்ளே இருந்தாள். நான்தான் முன்னால். அவன் என் முகத்தைப் பார்க்காமல், தொங்கிக்கொண்டிருந்த ஒரு சாரோங்கின் ஓரத்தைப் பிடித்துப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஒண்ணு கேக்கலாமா?" என்றான்.

"கேளுங்க."

"அத்தா என்னப் பத்தி எப்பவாச்சும் பேசுவாரா? எனக்கு நாலு வயசுல அவரப் பாத்தது. மொகமே ஞாபகமில்ல."

அத்தா பேசியதில்லை. ஒரு தடவைகூட இல்லை. ஆமாம், அடிக்கடி பேசுவார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்குப் பொய் வரவில்லை.

"இல்ல. உங்களப் பத்தி எங்ககிட்ட பேசினதில்ல. எங்களப் பத்தி உங்ககிட்டயும் பேசியிருக்க மாட்டாரு."

அவன் தலையை ஆட்டினான். "ஆமா" என்றான். சாரோங்கை விட்டுவிட்டு நடந்தான். அந்தத் தெருவின் ஆண்களில் நான் முழுமனதாக இகழ முடியாமல் போனவன் அவன் ஒருவன்தான். அவனிடமிருந்தும் ஒரு தகப்பனைத் திருடியிருந்தார்கள். திருடியவர் என் அத்தாவேதான்.

அவன் போனதும் கடை காலியானது. அப்போதுதான் மாமாவின் மனதில் முதலிலிருந்தே என்ன இருந்தது என்று தெரிந்தது. பள்ளிவாசலுக்குப் பக்கம், கடலுக்குப் போகிற வழி. அவருக்கு அந்த வாசல் வேண்டும். நோன்யாவிடம் போனார். அவளோ, அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கிறவளைக் கேட்டுவிட்டு வா என்று அனுப்பிவிட்டாள்.

மாமா வந்தார். பட்டப்பகலில், கடை நிறையப் பெண்கள் இருந்த நேரத்தில். தாடி வெளுத்திருந்தது. குரலில் அதே பழைய ஈரம்.

"எப்படி இருக்க தங்கச்சி?"

எனக்கு உடம்பு எரிந்தது. அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அவருக்கு ஒரு முக்காலியைக் காட்டினாள். அவர் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார். நோன்யாவிடம் நீ ஒரு வார்த்தை சொன்னால் போதும், நாமெல்லாம் ஒரே தெருவில் வாழ்கிறவர்கள், பழசையெல்லாம் மனதில் வைக்கக் கூடாது. அப்போது பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார் அஞ்சடியில் போய்க்கொண்டிருந்தார். அம்மா அவரைக் கூப்பிட்டாள்.

"மோதினாரே, செத்த நில்லுங்க. அண்ணன்கிட்ட ஒண்ணு கேக்கணும், நீங்களும் கேளுங்க." பிறகு மாமாவிடம் திரும்பினாள். "அண்ணே, எங்க கல்யாணத்துல சாப்பாடு எப்படி இருந்துச்சு? எனக்கு மறந்துபோச்சு. பொண்ணுக்கு எங்க சாப்பிட விடுறாங்க?"

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. ஆனால் அந்த மனிதருக்கு எதை மறந்தாலும் சாப்பாடு மறக்காது. முகம் மலர்ந்தது.

"அத ஏன் கேக்குற! நெய்ச்சோறு, ஆட்டுக்கறி, டால்சா, அன்னாசிப்பழப் பச்சடி. மழ வேற. பந்தல் ஒழுகி எந் தொப்பியெல்லாம் நனஞ்சு போச்சு. உன் அப்பன் வந்து துண்டு கொடுத்து..."

அங்கேதான் நிறுத்தினார். மோதினார் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். தமிழ் தெரிந்த பெண்கள் தெரியாதவர்களுக்குச் சொல்லத் தொடங்கினார்கள். கடை முழுக்க ஒரு முணுமுணுப்பு ஓடியது.

"அப்ப நிக்காஹ் நடந்துச்சு" என்றாள் அம்மா.

மாமா தாடியைத் தடவினார். ஒரு மனிதன் அந்த இடத்தில் என்ன செய்வான்? தலை குனிவான், மன்னிப்புக் கேட்பான், இல்லையென்றால் கோபப்பட்டாவது எழுந்து போவான். அவர் மூன்றும் செய்யவில்லை. "நடந்துச்சு, நடந்துச்சு. யாரு இல்லேன்னா? வயசாவுது பாரு, அப்பப்ப மறந்துடுது" என்று சிரித்தார். "நோன்யாகிட்ட எப்ப பேசுவ?"

மோதினார் அன்று மாலைக்குள் அதைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். கூரையைப் பார்த்தவருக்கும் சிங்கப்பூருக்குப் போன வருஷம் சட்டென்று மாறிவிட்டது. அவரும் அந்த விருந்தில் இருந்தாராம், கறியில் கொஞ்சம் உப்பு தூக்கலாம்.

அம்மா நோன்யாவிடம் பேசினாள். அந்தக் கடையை அவருக்கே கொடுக்கச் சொன்னாள்.

நான் அன்றைக்கு அவளோடு போட்ட சண்டை போல எப்போதும் போட்டதில்லை. "உங்களுக்கு ரோஷமே இல்லையா?" என்று கத்தினேன். அவள் முட்டைகளுக்கு உப்புக் கரைத்துக்கொண்டிருந்தாள்.

"பக்கத்துல கடை இருட்டா கெடந்தா நம்ம பக்கமும் ஆளு வராது" என்றாள். "அத்தர் வாசன வந்தா பொம்பளைங்க நின்னு பாப்பாங்க. நிக்கிறவங்க இங்கயும் வருவாங்க. எனக்கு அந்த ஆளு வேணாம், அந்த வெளக்கு வேணும்."

அவள் சொன்னது சரி. வியாபாரம் கூடியது. தெரு என்பது அப்படித்தான் வளர்கிறது போலும்: பிடிக்காதவனின் விளக்கு வெளிச்சத்தில் நம் சரக்கை விற்று. நான் அதை ஒப்புக்கொள்கிறேன். அதற்காக அந்த மனிதரை மதிக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. தினம் காலையில் அவர் பலகைக் கதவைத் திறக்கும் சத்தம் கேட்கும்போது நான் முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்வேன்.

ஒரு பெருநாள் கழிந்து அவர் மறுபடியும் எங்கள் கடைக்கு வந்தார், இந்தத் தடவை பலகாரத் தட்டோடு. அவருடைய அக்கா மகன் ஊரிலிருந்து வந்திருக்கிறானாம். நல்ல பையனாம். எனக்கும் வயது இருபத்தைந்தைத் தாண்டியாயிற்று, இனியும் தள்ளிப்போட வேண்டாம் என்று சொன்னார். எனக்கு ஏன் வயது தாண்டியது என்று அவருக்குத் தெரியாதா? எங்கள் கடை இப்போது நன்றாக நடக்கிறது என்பது மட்டும் தெரிந்திருந்தது.

அம்மா கேட்டாள்: "தம்பிக்கு ஊர்ல கல்யாணம் ஆயிருச்சா அண்ணே?"

மாமா தட்டிலிருந்த ஒரு பலகாரத்தை நகர்த்தி வைத்தார். "ஆயிருக்கு. அதுக்கென்ன? அது ஊர்ல. இது இங்க."

அம்மா என்னைப் பார்த்தாள். முதல் முறையாக அவள் எனக்காகப் பதில் சொல்லவில்லை. நான் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தேன். பிறந்ததிலிருந்து அவரிடம் நான் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை.

"மாமா, ஒங்க கடையில எவ்வளவு ஒசந்த அத்தர வேணா தடவிக்கிங்க, ஒங்க மேல அடிக்கிற நாத்தம் போவாது. தட்ட எடுத்துட்டுப் போங்க."

அவர் அம்மாவைப் பார்த்தார். "பொண்ணு ரொம்பப் பேசுதே."

"பேசட்டும்லா. எவ்வளவு வருஷமா பேசாம இருந்துச்சு" என்றாள் அம்மா.

அவர் தட்டை எடுத்துக்கொண்டார். போகும்போது அஞ்சடியில் ஒரு இரண்டு வாசல் கடைக்காரர் எதிர்ப்பட்டார். மாமா தட்டை ஒரு கையில் தாங்கி, மறு கையால் சட்டைப் பையிலிருந்து அத்தர்ச் சிமிழை எடுத்து, அவருடைய புறங்கையில் ஒரு சொட்டுத் தடவிவிட்டுத்தான் நகர்ந்தார்.

அதற்கு மறு வருஷம் நான் கல்யாணம் செய்துகொண்டேன். அவர் துறைமுகத்தில் சரக்கு எடை போடுகிறவர். மனைவியை இழந்தவர், பினாங்கிலேயே பிறந்தவர், கடலுக்கு அப்பால் எவருமில்லாதவர். அம்மா அக்கரைப் பெண்களையும் நோன்யாவையும் அழைத்தாள். கடைத்தெருவில் யாரையும் அழைக்கவில்லை.